கூட்டல் அக்காவின் பத்துப் பேர்

என் அக்காவை நான் அக்கா என்று கூப்பிடுவது நியாயம். எனக்கு ஐந்து வயது மூத்தவள், சின்ன வயதில் என் தலையில் குட்டிய கை இன்னும் அவளிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஆபீசில் இருபத்திரண்டு பேர் அவளை அக்கா என்கிறார்கள். அதில் நாலு பேர் அவளைவிட வயதில் பெரியவர்கள். முதலாளியே அவசரம் என்றால் “அக்காவைக் கூப்பிடு” என்றுதான் சத்தம் போடுவார். வெறும் அக்காவும் இல்லை, கூட்டல் அக்கா. சொந்தத் தம்பி நான் ஒருவன் இருக்கும்போது ஊரே பங்கு கேட்டால் எரிச்சல் வராதா?

ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் உண்டு, ஓடாது. அக்காவின் கணவர், அதாவது என் மாமா, லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒருநாள் வந்து எங்கள் லிஃப்டின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு டாக்டர் வேணாம்டா, அடக்கம் பண்ண ஆள் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எல்லாரும் படியில்தான் ஏறுகிறோம். அக்கா மட்டும் மூச்சு வாங்காமல் ஏறுவாள். இருபது வருடத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்ததே படி ஏறத்தான். கையில் படம் போட்ட அட்டைகளை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கேள்வி கேட்கிற வேலை. நாய் துரத்தியிருக்கிறது, மூஞ்சியில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் இவளைப் புது வேலைக்காரி என்று நினைத்துத் துடைப்பத்தை நீட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டிலும் உட்கார்ந்து பேட்டியை முடித்துக்கொண்டுதான் வந்தாள்.

எங்கள் வேலை இதுதான். ஒரு கம்பெனி புதிதாக ஒரு பொருள் செய்யப் போகிறது. வாங்குகிறவர்களுக்கு எது பிடிக்கும் என்று அதற்குத் தெரிய வேண்டும். “உங்களுக்கு என்னங்க வேணும்?” என்று நேராகக் கேட்டால் எல்லாம் வேண்டும், விலை மட்டும் குறைவாக வேண்டும் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். அதனால் மூன்று பொருளை வரிசையாகக் காட்டி, இதில் ஒன்றை எடுங்கள் என்போம். ஒன்று விலை குறைவு, ஆனால் பேட்டரி சீக்கிரம் தீரும். இன்னொன்று பேட்டரி தாங்கும், நிறம் நன்றாக இருக்காது. இப்படி மாற்றி மாற்றிப் பன்னிரண்டு தடவை. ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்கும்போதுதான் மனிதனின் உண்மையான ஆசை வெளியே வரும். அந்தத் தேர்வுகளை வைத்து எங்கள் கணக்கு நிபுணர் ஒவ்வொருவருக்கும் எண்கள் போட்டுக் கொடுப்பார். எது எவ்வளவு பிடிக்கும், எது எவ்வளவு பிடிக்காது என்று. ஆளுக்கு ஒரு வரி.

அந்த வரிகளைச் சந்தை மென்பொருளுக்குள் ஏற்றுவது அக்காவின் வேலை. எந்தக் கட்டம் விலை, எந்தக் கட்டம் நிறம் என்று மென்பொருளுக்கு அவள் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுத்துவிட்டால் அதற்குள் ஒரு பொய்ச் சந்தை உருவாகிவிடும். இரண்டு பொருளை அதில் இறக்கி ஒரு பொத்தானைத் தட்டினால், நூறு பேரில் இத்தனை பேர் இதை வாங்குவார்கள் என்று சொல்லும். அதை வண்ண வண்ணப் படமாகப் போட்டு வாடிக்கையாளருக்கு அனுப்புவது என் வேலை. அக்கா பிடித்துக் கொடுத்த வேலைதான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டத்தான் இருபத்திரண்டு பேர் இருக்கிறார்களே.

கூட்டல் என்ற பெயர் வந்த கதை சின்னது. ஒருவருடைய வரியில் நிறத்துக்கு மூன்று எண் இருந்தால், மூன்றையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். பிடித்தது எவ்வளவு மேலே போகிறதோ, பிடிக்காதது அவ்வளவு கீழே இறங்கும். பூஜ்யம் வரவில்லை என்றால் கட்டம் நழுவியிருக்கிறது. அக்கா எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் கூட்டிப் பார்ப்பாள். அவள் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: ‘கூட்டிப் பார்.’ அவ்வளவுதான் எழுதியிருக்கும்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பதவி உயர்ந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும், ஒவ்வொரு ஆய்விலும் பத்துப் பேரை அவளே நேரில் போய்ப் பேட்டி எடுப்பாள். மென்பொருளில் ஏற்றி முடித்ததும் அந்தப் பத்துப் பேரின் வரியைத் தேடி எடுத்துப் பார்ப்பாள். “நான் பாத்த ஆள் உள்ள இருக்காரான்னு பாக்கணும்” என்பாள். நாங்கள் சிரிப்போம். ஆயிரம் பேர் எண்களாக இருக்கிற இடத்தில் பத்துப் பேரின் முகத்தைத் தேடுகிற ஆள் அவள் ஒருத்திதான்.

போன வருடம் காது கேட்கும் கருவி செய்கிற ஒரு கம்பெனி வந்தது. இரண்டு மாதிரி தயாராக வைத்திருந்தார்கள். ஒன்று சின்னது, மொழுமொழுவென்று அழகானது, பொத்தான் கடுகளவு இருக்கும். மற்றது கொஞ்சம் பருமன், பொத்தான் பெரியது. இரண்டில் ஒன்றுக்குத்தான் வார்ப்பு அச்சு செய்யப் போகிறார்கள். அச்சு செய்து எடுத்துவிட்டால் நாலைந்து வருடத்துக்கு அதுதான்; மற்றது குப்பைக்குப் போகும். கம்பெனி மேலாளருக்குச் சின்னது மேல் ஆசை. பெரிய பொத்தான் மாதிரியைச் செய்தவள் அங்கே வடிவமைப்பு பார்க்கிற பெண். முதல் கூட்டத்தில் மேலாளர் பேசப் பேச அவள் தன் மாதிரியை மேஜைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கோப்பு வந்தது. அக்கா கூட்டினாள். நிறத்தில் பூஜ்யம் வரவில்லை. கணக்கு நிபுணரைக் கூப்பிட்டாள். அவர் புதுமாப்பிள்ளை, சமன்பாடு பேசுகிறவர்.

“என் கோப்புல தப்பு வராதுக்கா.”

“சரி. நீங்களே கூட்டுங்க.”

கூட்டினார். இரண்டு தடவை கூட்டினார். ஒரு கட்டத்தைப் படியெடுக்கும்போது விட்டிருந்தார். காது சிவந்துபோய்ப் புதுக் கோப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆபீசே கைதட்டியது. அக்காவுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. மாலை வீட்டில் மாமா, “என்ன, சிரிச்சுக்கிட்டே உப்பை ரெண்டு தடவை போட்டிருக்க?” என்று கேட்டார். அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிற நானும் அதைத்தான் சாப்பிட்டேன்.

அந்த மிதப்பில்தான் வந்தது வினை. திங்கட்கிழமை என்றிருந்த கூட்டத்தைக் கம்பெனி அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலைக்கு இழுத்துவிட்டது. அச்சு செய்கிறவன் அவசரப்படுத்துகிறானாம், மதியம் பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டாக வேண்டுமாம். வியாழக்கிழமை அக்கா புதுக் கோப்பை ஏற்றினாள். நிறம், விலை, பேட்டரி, பொத்தான் அளவு, எல்லாம் பூஜ்யம். மென்பொருள் சின்னப் பொத்தான் கருவிக்கு நூற்றுக்கு எழுபத்தொன்று கொடுத்தது. மேலாளர் கேட்டால் துள்ளிக் குதிப்பார்.

“என் பத்துப் பேரைப் பாத்துட்டு அனுப்பலாம்டா” என்றாள்.

“கூட்டினா பூஜ்யம் வந்துச்சுல்ல? அப்புறம் என்னக்கா? நான் இன்னும் முப்பது படம் போடணும். இன்னைக்குள்ள அனுப்பலைன்னா அவங்க என்னைத் தின்னுடுவாங்க.”

“பூஜ்யம் வந்துச்சு” என்று ஒரு நொடி யோசித்தாள். “சரி, அனுப்பு. காலைல பாத்துக்கறேன்.”

அனுப்பிவிட்டேன். அவளை அவசரப்படுத்தியது நான்தான். இதை இங்கே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அவள் எங்கேயும் இதைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு நான் படியேறி வந்தபோது அக்கா தன் இடத்தில் இருந்தாள். தேநீர் மேலே ஆடை படிந்து கிடந்தது. திரையில் ஒரே ஒரு வரி.

“இருநூத்திப் பன்னெண்டு” என்றாள். “ரிட்டயர் ஆன தையல்காரம்மா. விரல் மூட்டெல்லாம் வீங்கி இருக்கும். பன்னெண்டு கேள்விக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் பெரிய பொத்தானையே எடுத்தாங்கடா. விலை கூடவான்னு கேட்டேன். ‘பொத்தான் பெருசா இருந்தா போதும்மா, மத்ததை எல்லாம் நீயே பாத்துப் போட்டுக்கோ’ன்னாங்க. இங்க பாரு, அவங்களுக்குப் பெரிய பொத்தானே ஆகாதுன்னு போட்டிருக்கு.”

“ஒரு ஆள்தானே? கணக்குல ஏதாவது ஆகியிருக்கும்.”

“மத்த ஒம்பது பேரையும் பாத்துட்டேன். ஆறு பேர் தலைகீழா இருக்காங்க. விலை சரியா இருக்கு, பேட்டரி சரியா இருக்கு. பொத்தான் மட்டும்தான்.”

கேள்வித்தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். பொத்தான் அளவை விளக்குகிற பக்கத்தில் பெரியது, நடுத்தரம், சின்னது என்று வரிசையாகப் படம் இருந்தது. மென்பொருளில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று இருந்தது. நிபுணரின் கோப்பில் பெயர் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் இருக்கும். கேள்வித்தாளில் உள்ள வரிசையே அதுவும். மறுபடி எல்லாப் பெயரையும் தட்டச்ச வேண்டாமே என்று அக்கா பழைய ஆய்வின் அமைப்பை அப்படியே திறந்து அதில் எண்களை ஏற்றியிருந்தாள். பழைய ஆய்வில் சின்னதுதான் முதலில். மூன்று எண்ணை எப்படித் திருப்பிப் போட்டுக் கூட்டினாலும் பூஜ்யம்தான் வரும். அவள் இருபது வருடமாக நம்பிய கூட்டல் வாயே திறக்கவில்லை.

“கேள்வித்தாளை எவன் மாத்தினான்?” என்று எகிறினேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் ஆள் தேடுவேன்.

“நான்தான்டா.” அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “முன்னோட்டம் பாத்தப்போ வயசானவங்க முதல் படத்தைப் பாத்துட்டுப் பக்கத்தைத் திருப்பிடுறாங்க, பெருசைப் பாக்கறதே இல்ல, அதை முதல்ல போடுங்கன்னு சொன்னதே நான்தான். சொல்லிட்டு நானே மறந்துட்டேன்.”

கட்டங்களைத் திருத்தி ஏற்ற அவளுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. திருத்தியது சரியா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு ஆய்விலும் எல்லாரிடமும் அதே மூன்று பொருளைக் காட்டி ஒரே மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டு, அதன் பதிலை நிபுணர் கண்ணில் காட்டாமல் பூட்டி வைப்பாள். மென்பொருள் அந்தப் பதிலைச் சரியாக ஊகிக்கிறதா என்று பிறகு பார்க்கலாம். பேட்டி நீளுகிறது, இந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள் என்று மேலாளர் எவ்வளவோ சொன்னார், அவள் அசையவில்லை. நேரில் கேட்டபோது அதில் பெரிய பொத்தான் கருவியை நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பேர் எடுத்திருந்தார்கள். நேற்றைய சந்தை இருபத்தாறு என்றது. திருத்திய சந்தை ஐம்பத்தைந்து என்றது.

மணி ஒன்பதே கால். நான் அப்போது சொன்னதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

“அக்கா, புதுப் படம் போட்டுடறேன். கூடுதல் தகவல் வந்துச்சு, அதுல முடிவு மாறிடுச்சுன்னு பூசி மெழுகிடலாம். யாருக்கு என்ன தெரியப் போவுது?”

அவள் என்னைத் திட்டவில்லை. சின்ன வயதில் குட்டுவதற்கு முன்னால் பார்க்கிற அதே பார்வை பார்த்தாள்.

“படத்தைப் போடு. கதையை நான் சொல்லிக்கறேன்.”

“உன் பேர் கெட்டுடும்க்கா. முந்தாநாள்தான் அவரைக் கூட்டச் சொல்லி எல்லார் முன்னாடியும் மூக்கை உடைச்ச. இன்னைக்கு நீயே போய்...”

“என் பேரா அவங்க காதுல மாட்டப் போகுது? கருவிடா. அந்தம்மா விரலால அமுக்கணும்.”

பதினோரு மணிக்குக் கம்பெனியின் கூட்ட அறையில் இருந்தோம். நீள மேஜை, கண்ணாடிச் சுவர். மேலாளர் ஏற்கெனவே நான் அனுப்பிய படங்களை அச்சடித்துக் கட்டிக் கையில் வைத்திருந்தார். எழுபத்தொன்று என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். வடிவமைப்பாளர் பெண் இன்று மாதிரியைக் கொண்டுவரவே இல்லை. அவள் கை காலியாக மேஜை மேல் கிடந்தது. அக்கா உட்காரக்கூட இல்லை.

“நேத்து நாங்க அனுப்பின முடிவு தப்பு” என்றாள். “பொத்தான் அளவுக்கான கட்டங்களை நான் தலைகீழா ஏத்திட்டேன். தப்பு என்னோடது. கணக்கு போட்டவர் சரியாப் போட்டிருக்கார். திருத்தினதுக்கு அப்புறம் பெரிய பொத்தான்தான் ஜெயிக்குது. நூத்துக்கு அறுபத்தாறு.”

மேலாளர் கையிலிருந்த கட்டை மேஜையில் போட்டார்.

“நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. நாளைக்கு நடுத்தரம்னு வந்து நிப்பீங்களா? உங்க எண்ணை எப்படிங்க நம்பறது?”

“என்னை நம்ப வேணாம் சார். நீங்க எடுத்துடச் சொன்னீங்களே ஒரு கேள்வி, அதை நம்புங்க.” அக்கா திரையில் அந்த மூன்று எண்ணை மட்டும் போட்டாள். ஜனங்கள் எடுத்தது ஐம்பத்தெட்டு, நேற்றைய சந்தை இருபத்தாறு, இன்றையது ஐம்பத்தைந்து. “எது கிட்ட வருதுன்னு நீங்களே சொல்லுங்க.”

மேலாளர் கெட்டிக்காரர். ஆசை ஒரு பக்கம் இழுத்தாலும் எண் புரிகிறவர். மூன்று எண்ணையும் தன் கட்டின் ஓரத்தில் எழுதிப் பார்த்தார். பிறகு வடிவமைப்பாளர் பெண்ணைப் பார்த்து, “உன்னுது எங்க?” என்றார்.

“என் அலமாரியில இருக்கு சார்.”

“போய் எடுத்துட்டு வா.”

அவள் ஓடினாள். நிஜமாகவே ஓடினாள், கண்ணாடிச் சுவருக்கு வெளியே அவள் ஓடுவது தெரிந்தது. மேலாளர் அக்காவிடம் திரும்பினார்.

“ஒண்ணு கேக்கறேன். அந்தத் தப்பு எப்படிக் கண்ணுல பட்டுச்சு?”

அக்கா தையல்காரம்மாவைப் பற்றிச் சொன்னாள். பத்துப் பேரைப் பற்றிச் சொன்னாள். நேற்றே பார்த்திருக்க வேண்டும், பார்க்காமல் விட்டதும் தன் தப்பு என்றாள். நான் குனிந்துகொண்டேன். வாயைத் திறந்து “நான்தான் அவசரப்படுத்தினேன்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“ஆயிரம் பேர்ல அந்தம்மா உங்க பத்துப் பேர்ல மாட்டினது அதிர்ஷ்டம்” என்றார் மேலாளர். “மத்த ஆறு பேரும் மாட்டாம இருந்திருந்தா?”

“மாட்டியிருக்க மாட்டேன் சார், தப்பிச்சிருப்பேன்” என்றாள் அக்கா. மேலாளர் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். “அதனால அடுத்த ஆய்வுல இருந்து பத்து இல்ல, இருபது. இன்னொரு பத்துப் பேரை இவன் பாப்பான்.”

இவன் என்றால் நான். மறுக்க எனக்கு வாய் ஏது? பன்னிரண்டு அடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது மேலாளர் கையெழுத்துப் போட்டார். மேஜையின் நடுவில் பருமனான அந்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்ததும் அக்கா ஆபீஸ் நடுவில் நின்று, கணக்கு நிபுணர் உட்பட எல்லாரும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னாள். அவர் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, “கூட்டிப் பாத்தீங்களாக்கா?” என்று கேட்டார். ஆபீஸ் வெடித்துச் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவள்தான். அப்புறம் நாற்காலி மேல் ஏறி, ‘கூட்டிப் பார்’ என்ற தாளுக்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தாள்: ‘பூஜ்யம் வந்தாலும் ஆளைப் பார்.’

அடுத்த ஆய்வு வந்தது, ஊன்றுகோல் செய்கிற கம்பெனிக்கு. அட்டைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் நாலு மாடி ஏறினேன். மூச்சு வாங்கியது. கதவைத் திறந்தவர் ஒரு முன்னாள் பேருந்து ஓட்டுநர். இடது முழங்கால் மடங்காது. “எதையாவது விக்க வந்தியா?” என்று அதட்டினார். இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு பாதி சாத்தியாகிவிட்டது. அந்த இடுக்கில் நின்று கெஞ்சி உள்ளே போனேன். பன்னிரண்டு கேள்விக்கும் ஓட்டுநர் கைப்பிடியையே பார்த்தார். “புடி வழுக்கக் கூடாது தம்பி. வழுக்கினா நான் காலி” என்றார்.

எண்கள் வந்து, அக்கா ஏற்றி முடித்த காலை, படம் போட உட்கார்ந்தேன். அன்றும் வாடிக்கையாளர் அவசரப்படுத்திக்கொண்டுதான் இருந்தார். தொலைபேசி மூன்று தடவை அடித்தது. அதை எடுக்காமல் நான் அறுபத்தேழாவது வரியைத் தேடினேன். கைப்பிடிக்கான மூன்று கட்டத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். வழுக்காத பிடி எல்லாவற்றுக்கும் மேலே, உயரத்தில் இருந்தது.

“அக்கா” என்று கூப்பிட்டேன். இருபத்திரண்டு பேர் இருக்கிற அறையில் என் குரலுக்கு மட்டும் அவள் நிமிர்ந்தாள். “என் ஆள் உள்ள இருக்காரு.”

“அப்ப அனுப்பு” என்றாள்.